தக்காளி மண்டியில் பிறந்த கல்யாண எழுத்து

இன்று காலை ஒரு தக்காளி வண்டியைத் துரத்திக்கொண்டு போனேன். சிரிக்காதே. பாலக்கோட்டில் பேங்க் வேலை இருந்தது, ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பிக்கப் வண்டி. அதன் பின்கதவில் சிவப்பு ரேடியம் ஸ்டிக்கரில் ‘அம்மன் துணை’ என்று ஒட்டியிருந்தது. ‘அம்மன்’ என்ற சொல்லின் புள்ளிகளைப் பார்த்ததும் கை தானாக ஆக்சிலேட்டரைத் திருகிவிட்டது. அவை வட்டப் புள்ளிகள் இல்லை. எழுத்தின் வால் மேலே சுழன்று, பின்பக்கமாக ஒரு கீற்றாய்த் தெறித்து நின்றது. அப்படிப் புள்ளி வைக்கிறவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர்தான். ஒருவர் உன் அப்பா. இன்னொருத்தி நீ.

பேங்குக்குத் திரும்புகிற தெரு வந்தது, போனது. நான் அந்த வண்டியின் பின்னாலேயே போனேன். ஊரைத் தாண்டி ஒரு டீக்கடையில் அது நின்ற பிறகுதான் என்ன செய்கிறேன் என்றே எனக்கு உறைத்தது. டிரைவர் பதறி இறங்கி வந்தார்.

“ஏம்மா, எங்கயாச்சும் இடிச்சிட்டனா?”

“இல்லீங்கண்ணா. இந்த ஸ்டிக்கர் நல்லா இருக்குது, எங்க ஒட்டினீங்கன்னு கேக்கலாம்னுதான்...”

தன் வண்டியின் பின்பக்கத்தை அன்றுதான் பார்ப்பவர் மாதிரி அவர் பார்த்தார். “ஸ்டிக்கர் கடைக்காரன் நாலஞ்சு மாடல் காட்டினாம்மா. இதுதான் ஓடற மாதிரி இருந்துச்சு. வண்டிக்கு ஓடற எழுத்துதானே வேணும்?”

நீ இருந்திருந்தால் அந்த மனிதருக்கு அங்கேயே டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசியிருப்பாய். நான் பேங்கையும் மறந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன். வந்தும் உட்கார முடியவில்லை. நாளை மறுநாள் உனக்கு முதல் வருசத் தெவசம். உங்கள் வீட்டு முன்னால் வைக்கிற ஃப்ளெக்ஸை நாளைக்குள் பிரிண்டுக்கு அனுப்பியாக வேண்டும். அதில் உன் பெயரை நீ செய்த எழுத்தில் போட வேண்டும் என்று இந்த ஒரு வருடமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா வேண்டாம் என்கிறார். சண்டை போட்டுப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். மனிதர் அசையவில்லை. யாரிடம் போய் முறையிடுவது? உன்னிடம்தான். அதனால்தான் இந்த மடல்.

தருமபுரி அச்சகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடித்துக்கொண்டிருந்தோம். அங்கிருந்து கிளம்பி மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் சொந்தமாகக் கடை போட்டபோது வேலையை எப்படிப் பிரித்துக்கொண்டோம், நினைவிருக்கிறதா? “கம்ப்யூட்டர் எனக்கு, வாய் உனக்கு” என்றாய். வருகிறவர்களிடம் பேசுவது, பேரம் முடிப்பது, “சாயங்காலம் ரெடிங்க” என்று பொய் சொல்வது எல்லாம் என் பங்கு. நீ திரையை விட்டு முகத்தைத் திருப்ப மாட்டாய். ஓசூர் பஸ் கீழே ஹாரன் அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். உன் தோள் அதிராது. எப்படித்தான் அப்படி உட்கார்ந்திருந்தாயோ. எனக்கு அரை மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் காலில் எறும்பு ஏறுகிறது.

கல்யாணப் பத்திரிகைக்குத் தானே நேரில் வந்தாளே ஒரு பெண், அவளிடமிருந்துதான் இது ஆரம்பித்தது. மாதிரிப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு முகம் சுளித்தாள். இங்கிலீஷில் அவள் பெயர் வளைந்து நெளிந்து, ஒரு எழுத்தின் வால் அடுத்த எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டு போனது. அதற்குக் கீழே தமிழில் அதே பெயர் அட்டென்ஷனில் நின்றது.

“ஏக்கா, இங்கிலீஷ்ல எம்பேரப் பாத்தா கல்யாணம் மாதிரி இருக்குது. தமிழ்ல பாத்தா ரேஷன் கார்டு மாதிரி இருக்குதே” என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அதன் பிறகு பல நாள் நீ நீயாகவே இல்லை. சாப்பிடும்போதும் இலையில் விரலால் ஏதோ எழுதிக்கொண்டிருப்பாய்.

“ஏண்டி, தமிழ் மட்டும் ஏன் கைகோத்துக்கிட்டு வரமாட்டேங்குது?”

“அதுக்கு வெக்கம். நீ வேலயப் பாரு” என்றேன்.

பிறகு ஒரு நாள் உன் அப்பாவுக்குச் சோறு கொடுக்கத் தக்காளி மண்டிக்குப் போனாய். நானும் கூட வந்தேன். ஏலம் உச்சத்தில் இருந்தது. உன் அப்பா கவிழ்த்துப் போட்ட தக்காளிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து ஏலச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். காது ஏலக்காரரிடம், கண் பெட்டிகளின் மேல். கை மட்டும் தன்பாட்டுக்குத் தாளில் ஓடிக்கொண்டிருந்தது. விவசாயியின் பெயர், ஊர், எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரே இழுப்பு. நீ ஒரு சீட்டைக் கையில் எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாய். சீட்டுக்குச் சொந்தக்காரர் பின்னால் நின்று முனகிக்கொண்டிருந்தார். உன் கையிலிருந்து அதைப் பிடுங்கி நான்தான் அவரிடம் கொடுத்தேன்.

உன் அப்பா நிமிராமலே கத்தினார். “என்னாத்துக்கு மறிச்சுக்கிட்டு நிக்கற? ஏலம் நிக்காது, எங்கை நிக்க முடியுமா? அக்கட்ட போ.”

திரும்பி வந்து கடைப்படி ஏறும்போதுதான் சொன்னாய். “பாத்தியா? எங்கப்பா கொம்ப எழுதிட்டு கைய எடுக்கவே இல்ல. தமிழுக்கு வெக்கமெல்லாம் இல்லடி. நாமதான் அத நிறுத்தி நிறுத்தி எழுதிப் பழக்கிட்டோம்.”

அதற்குப் பிறகு நம் கடையில் தக்காளிச் சாறு பட்ட கார்பன் காப்பிகளின் வாசனை வர ஆரம்பித்தது. தேதி கழிந்த சீட்டுகளை உன் அப்பா குப்பைக்குப் போடுவார், நீ பொறுக்கி வருவாய். ஸ்கேன் செய்து, பெரிதாக்கி, ஒவ்வொரு வளைவாக வரைந்தாய். ழகரத்தின் வாலை எங்கே கொண்டுபோய் விடுவது, ணகரத்தின் சுழிகளை எப்படி மூச்சுமுட்டாமல் சேர்ப்பது, துணைக்கால் முந்தின எழுத்தை விட்டு ஓடிவிடாமல் எப்படிப் பிடிப்பது. இதையெல்லாம் என்னிடம் கேட்பாய், பதில் எதிர்பார்க்க மாட்டாய். எல்லாவற்றையும் விட உன்னைப் படுத்தி எடுத்தது புள்ளி. எந்தப் பெயரை எடுத்தாலும் நடுவில் ஒரு புள்ளி வந்து கையைத் தூக்க வைத்துவிடும். உன் அப்பாவின் கை அதற்கு ஏற்கனவே வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. எழுத்து முடிகிற இடத்திலிருந்தே ஒரு சுழற்று, பின்பக்கம் ஒரு தெறிப்பு, அடுத்த எழுத்துக்கு ஓட்டம். அதைத்தான் நீ எடுத்து மெருகேற்றினாய். மண்டியில் அது அவசரம். உன் கையில் அது அழகானது. மெல்லிய கோடு மேலே ஏறும்போது தலைமுடி மாதிரி, இறங்கும்போது அழுத்தம். பார்த்தவர்கள் எல்லாரும் ஏதோ அரண்மனை எழுத்து என்று நினைத்தார்கள்.

ரேஷன் கார்டுப் பெண்ணின் பத்திரிகைக்கு அது உதவவில்லை. உன் வேகத்துக்கு அவளுக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளைக்குக் காது குத்துகிற நேரமே வந்துவிட்டது. அந்தக் காதுகுத்துப் பத்திரிகையில்தான் முதன்முதலாக உன் எழுத்து வெளியே வந்தது. பிள்ளையின் பெயரையும் கீழே தன் பெயரையும் அவள் விரலால் தடவிப் பார்த்தாள். “இப்பத்தாங்கா எனக்குக் கல்யாணம் ஆன மாதிரி இருக்குது” என்றாள். அவள் புருஷன் பக்கத்திலேயே நின்று விழித்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு உன் சட்டதிட்டங்கள் என்னைப் பாடாய்ப் படுத்தின. இந்த எழுத்து பெயருக்கு மட்டும், அட்ரஸுக்கு வராது. சுற்றிலும் காலி இடம் வேண்டும், பக்கத்தில் பிள்ளையாரைக் கொண்டுவந்து ஒட்டக் கூடாது. வெள்ளை அவுட்லைன் கூடாது, நிழல் கூடாது, தங்கக் கலர் ஏற்றி மினுக்கக் கூடாது. “முகூர்த்த நேரத்த இந்த எழுத்துல போடுங்க, படிக்க முடியாம மாப்பிள்ளையே லேட்டாத்தான் வருவான்” என்று ஒரு பெண்வீட்டாரிடம் சொல்லி, அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து நான் சமாதானம் பேச வேண்டியிருந்தது. மஞ்சள் நீராட்டு ஃப்ளெக்ஸுக்கு வந்த தாய்மாமன் ஒருவர் ஒரு நீளப் பட்டியலை நீட்டினார்.

“எங்க ஒரம்பரை சனம் எல்லாத்து பேரும் இந்த எழுத்துலதான் வரணும்.”

நீ முதல் முறையாக நாற்காலியைத் திருப்பினாய். “எல்லாருமே நகை போட்டுக்கிட்டு வந்து நின்னா, பொண்ணு எதுன்னு எப்படிங்க மாமா தெரியும்?”

அவர் நியாயமாகத்தான் யோசித்தார். யோசித்துவிட்டு, “சரி, எம்பேரு மட்டுமாச்சும் போடு” என்றார். போட்டோம்.

சித்தேரி மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கும் சங்கத்துக்கு நீ செய்த பாட்டில் லேபிள்தான் எனக்கு இன்றைக்கும் பிடித்தது. வெள்ளைத் தாளில் ‘தேன்’ என்று ஒரே சொல், வேறு படமே கிடையாது. கொம்பில் ஏறி, கடைசிப் புள்ளி சொட்டு வழிகிற மாதிரி நின்றது. சங்கத்துக்காரர்கள் தேனீயும் மலையும் சூரியனும் கேட்டார்கள். நான் அவர்கள் பக்கம் பேசினேன், நீ விடவில்லை. அந்த பாட்டிலைப் பார்த்துவிட்டு பேக்கரிக்காரர் கேக் பெட்டிக்குக் கேட்டார், ஜவுளிக்கடை பட்டுப்புடவைப் பெட்டிக்குக் கேட்டது. வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள் கன்னடத்திலும் இதே மாதிரி வேண்டும் என்றார்கள். “அவங்க எழுத்து பொறந்ததுல இருந்தே சுழிதான், எனக்கு அங்க வேலையே இல்ல” என்று அவர்களைக் கிண்டல் செய்து அனுப்பினாய். ஆனால் அதையும் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாய், எனக்குத் தெரியும்.

அப்புறம் எழுத்து ஓடிவிட்டது. ஒரு கல்யாண பேனருக்காக ஃப்ளெக்ஸ் பிரிண்ட் போடுகிறவனுக்கு ஃபான்டைக் கொடுத்தோம். அவன் பென் டிரைவிலிருந்து இன்னொருத்தன், அவனிடமிருந்து கிருஷ்ணகிரி, அரூர் என்று போயே போய்விட்டது. தீர்த்தமலைக்குப் போன இடத்தில் அன்னதான பேனரில் அதைப் பார்த்தேன். முழு விவரமும் அதே எழுத்தில், சிவப்பு அவுட்லைன் போட்டு, நிழல் வைத்து. ஒரு வரி படிக்க முடியவில்லை. சாப்பாடு எத்தனை மணிக்கு என்று சனங்கள் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. உனக்கு போன் போட்டு, போலீசுக்குப் போகலாம், கேஸ் போடலாம் என்று மலையடிவாரத்தில் நின்று கத்தினேன்.

நீ அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தாய். “அதுக்குக் கால் மொளச்சிருச்சுடி. ஊர் சுத்தட்டும் வுடு.”

எனக்கு அப்படி விடத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அந்த எழுத்து போகவில்லை. நம் தொழிலில் யாரும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருக்கிறது. நல்லதுக்கு வளைந்த எழுத்து, சாவுக்குக் கட்டை எழுத்து. கண்ணீர் அஞ்சலி என்றால் பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிகிற மாதிரி தடித்து, நிமிர்ந்து, வெள்ளை அவுட்லைனோடு. ஒரு சாவு ஃப்ளெக்ஸை முடித்து அனுப்பிவிட்டு நீ திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். “ஒரு ஆளோட பேர இதுக்கு மேல யாரும் எழுதப் போறதில்ல. அத பஸ் போர்டு மாதிரி எழுதறமே” என்றாய். அன்றைக்கு எனக்கு வேறு வேலை தலைக்கு மேல் இருந்தது. ஆனால் அந்தச் சொல் எங்கோ போய் ஒட்டிக்கொண்டுவிட்டது.

பிறகு உனக்கு ரத்தத்தில் அந்த நோய் வந்தது. சேலம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, தலையணைக்குப் பக்கத்தில் லேப்டாப்பைச் சாய்த்து வைத்துக்கொண்டு அப்போதும் எதையோ திருத்திக்கொண்டிருந்தாய். போதும் மூடு என்றேன். “இப்படிப் படுத்துக்கிட்டுப் பாத்தா எல்லா எழுத்தும் நேராத்தான்டி இருக்குது” என்றாய். நான் வராண்டாவுக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். உனக்குத் தெரிந்திருக்கும். வந்ததும், “போயி டீ குடிச்சியா?” என்று கேட்டாய்.

நீ போன அன்று நான் உன் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். கடைக்குப் போகவில்லை. அதற்குள் உறவுக்காரர் யாரோ எங்கோ சொல்லி ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். உன் பெயர் பஸ் போர்டு எழுத்தில் இருந்தது. கறுப்பில் மஞ்சள், மஞ்சளைச் சுற்றி வெள்ளை, மூலையில் குத்துவிளக்கு. மாலையை விட, பாடையை விட அந்த ஃப்ளெக்ஸ்தான் என்னை உலுக்கியது. கிழித்துப் போடலாம் என்று இரண்டு தரம் எழுந்தேன். ஆட்கள் இருந்தார்கள், உன் அப்பா அதன் கீழேயே உட்கார்ந்திருந்தார். வருசத்துக்கு நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கே மனதுக்குள் உனக்குச் சொல்லிவிட்டேன்.

அந்த வருசம்தான் வந்திருக்கிறது. போன வாரம் டிசைனை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். வெள்ளைப் பின்னணி, ஓரத்தில் சின்னதாக உன் போட்டோ, நடுவில் உன் எழுத்தில் உன் பெயர். சுற்றிலும் நீ சொல்கிற மாதிரி நிறையக் காலி இடம். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றி வைத்தார்.

“இது வேண்டாங் கண்ணு. வேற எழுத்துல போட்டுடு.”

“ஏங்கப்பா? அவ எழுத்துங்க.”

“சாஞ்சாப்புல இருக்குது. அவ கடேசில கெடந்த மாதிரியே இருக்குது. வூட்டு முன்னால வச்சு எப்படிப் பாக்கறது நானு?”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. அழகுக்காகச் சாய்வது, எல்லா மொழியிலும் அப்படித்தான், சாய்ந்தால்தான் கோத்துக்கொண்டு போகும் என்று என்னென்னவோ சொன்னேன். மனிதர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வைத்த காப்பியைக் குடிக்காமல் கிளம்பி வந்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்பது கேட் தாண்டுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

சரி, நிமிர்த்திவிடுவோம் என்று உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று உனக்குத் தெரியும். தட்டினேன். எல்லாம் நிமிர்ந்தது. கொம்பு வீங்கியது, சுழி நசுங்கியது, மெல்லிய கோடு இருக்க வேண்டிய இடத்தில் தடிப்பு வந்து உட்கார்ந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் நானும் நர்ஸும் இரண்டு பக்கமும் கைகொடுத்து உன்னை நிறுத்தினோமே, அந்த நிற்பு அது. மூடிவிட்டேன். திறந்தேன். மறுபடி மூடினேன். இந்த மடலையே இதுவரை எழுதுவதற்குள் எத்தனை தரம் எழுந்து கீழே போய் வந்தேன் என்று தெரியவில்லை. இப்போதும் எழுந்துதான் ஆக வேண்டும். மண்டியில் ஏலம் முடிகிற நேரம்.

மேலே இருப்பதை எழுதி வைத்துவிட்டு எழுந்து போனவள், தெவசம் எல்லாம் முடிந்து இன்றுதான் மறுபடி உட்காருகிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்று நான் போனபோது மண்டி காலியாகியிருந்தது. மிதிபட்ட தக்காளியைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா அதே மாதிரி ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து செருப்பைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். நான் போன வேகத்தில் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“அது உங்க கையெழுத்துதாங்கப்பா. உங்க சீட்டப் பாத்துத்தான் அவ எழுதினா. அவளா எதையும் சாய்க்கல.”

“எங்கையெழுத்துன்னு தெரியுங் கண்ணு” என்றார், கோபமே இல்லாமல். “அதுக்கோசரந்தான் வேண்டாங்கறன். அது ஏலத்துல ஓடற எழுத்து. அவசரத்துல சாஞ்சது. அவளுக்கு இனி என்ன அவசரம்?”

பக்கத்தில் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

“அப்ப அவசரமில்லாம எழுதினா எப்படிங்கப்பா இருக்கும்?”

“யாருக்குத் தெரியும்? அவசரமில்லாம நான் எப்ப எழுதினன்?”

சொல்லிவிட்டு அட்டையை எடுத்து முழங்காலில் வைத்தார். கார்பனை உருவிக் கீழே போட்டார். ஒரு சீட்டைக் கிழித்துப் பின்பக்கம் திருப்பினார். பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். உன் பெயர் கொம்பில் தொடங்குகிற பெயர். அந்தக் கொம்பைத் தொடங்கவே அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. எனக்குக் கால் துறுதுறுத்தது. எழுந்து நடக்க வேண்டும், யாரையாவது திட்ட வேண்டும் போல இருந்தது. பெட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எழுதினார். தாளைப் பார்த்து எழுதினார். உன் அப்பா தாளைப் பார்த்து எழுதி நான் கண்டதில்லை. கொம்பு நேராக எழுந்தது. அடுத்த எழுத்து நேராக நின்றது. ஆனால் எங்கும் கை விடவில்லை. விட்டு எழுத அந்தக் கைக்குத் தெரியாது. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, சாயாமல், பெயர் முழுவதும் வந்து கடைசி வளைவில் முடிந்தது. நடு எழுத்தின் மேல் வைக்க வேண்டிய புள்ளி மட்டும் பாக்கி. நிதானமாக எழுதியதில் அந்தச் சுழற்றல் அவர் கையில் வரவில்லை. தூக்கித்தான் வைக்க வேண்டும். பேனாவைத் தூக்கினார், அந்த இடத்துக்கு மேலே கொண்டுவந்தார். பேனா அங்கேயே நின்றது, இறங்கவில்லை. மண்டியைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் எங்களைச் சுற்றிக்கொண்டு போனாள்.

“நீ வெய்யி கண்ணு” என்று பேனாவை என்னிடம் நீட்டினார்.

வட்டமாக, ஒழுங்காக வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. கை கேட்கவில்லை. நடு எழுத்தின் வாலைத் தொட்டு, மேலே ஒரு சுழற்றுச் சுழற்றி, பின்பக்கமாகத் தெறித்துவிட்டது. எத்தனை வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த புள்ளி.

“சாஞ்சிடுச்சுங்கப்பா” என்றேன். அழுதுகொண்டிருந்தேன். வேறு சீட்டில் எழுதித் தாருங்கள் என்று கேட்கப் போனேன்.

அவர் சீட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார். “இருக்கட்டும். அது ஒண்ணு இருக்கட்டும்” என்றார்.

அதை அப்படியே ஸ்கேன் செய்தேன், எதையும் திருத்தவில்லை. பேனா திக்கிய இடம்கூட அப்படியே இருக்கிறது. வெள்ளைப் பின்னணியில் உன் பெயர் மட்டும் நடுவில், சுற்றிலும் காலி இடம். தேதியும் மற்ற விவரமும் கீழே சாதாரண எழுத்தில், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற மாதிரி. உன் சட்டப்படி எல்லாம் சரி. தெவசத்தன்று வந்தவர்கள், “என்னா இது, வெறும் வெள்ளையா இருக்குது, ஒரு வெளக்காவது போட்டிருக்கலாம்ல” என்றார்கள். உன் அப்பா படையல் முடிந்ததும் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பாலக்கோடு பஸ் இடையில் வந்து மறைத்தபோது, அது போகிறவரை பொறுமையாக நின்று மறுபடி பார்த்தார்.

நேற்று ஃப்ளெக்ஸ் பிரிண்ட் போடுகிறவன் போன் செய்தான். உன் எழுத்தை ஊர் பூராவும் பரப்பிய அதே ஆள்தான். “அக்கா, அந்த நேர் எழுத்து என்னா ஃபான்ட்? சூப்பரா இருக்குது. அனுப்பி வுடுங்க, ஏத்திக்கறன்.”

“அது ஃபான்ட் இல்லப்பா. அதுல ஒரே ஒரு பேர்தான் இருக்குது” என்றேன்.

“மத்த எழுத்தெல்லாம் எப்பக்கா வரும்?”

வராது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அந்தச் சீட்டு என் ஹேண்ட்பேக்கில் இருக்கிறது. பத்திரமாகச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று ஆணியெல்லாம் வாங்கினேன், மனம் வரவில்லை. என்னோடு அலையட்டும் என்று விட்டுவிட்டேன். ஊர் சுத்தட்டும் என்று நீதானே சொன்னாய். அதில் எல்லா எழுத்தும் நிதானமாக நிற்கிறது, உன் அப்பா நிறுத்தியபடி. புள்ளி ஒன்றுதான் அவசரத்தில் இருக்கிறது. அது நீ வைத்தது என்று அவர் நினைத்துக்கொள்கிறார் போல. நானும் சில சமயம் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் கஸ்டமரிடம் பேசும்போது, சோற்றுக்கு உட்காரும்போது, சிக்னலில் நிற்கும்போது என் விரல் தன்பாட்டுக்கு மேலே சுழன்று பின்பக்கம் தெறிப்பதைப் பார்த்தால், அந்த அவசரத்தை நீ என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய் என்றுதான் தோன்றுகிறது.

பேங்க் வேலை இன்னும் அப்படியே கிடக்கிறது. நாளைக்குப் பாலக்கோடு போகிறேன். வழியில் எந்த வண்டியின் பின்னால் உன் எழுத்து ஓடினாலும் துரத்தக் கூடாது என்று நினைத்திருக்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.